டபுள் எக்ஸ்போஷர் படம் செய்ய முழுமையான வழிகாட்டி: முதல் படத்தின் இருட்டிலிருந்து தொடங்குங்கள்

டபுள் எக்ஸ்போஷர் என்பது இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குவது. அதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நல்ல படங்களைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஒன்றில் முகம் பளிச்சென்று தெரியும். இன்னொன்றில் பச்சைப்பசேல் என்று ஒரு தோப்போ மலையோ இருக்கும். இரண்டையும் சேர்த்ததும் எல்லாம் வெளிறிப்போய், முகமும் இல்லாமல் மரமும் இல்லாமல் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒன்று மிஞ்சும்.

ஏன் அப்படி ஆகிறது? ஒளியின் மேல் ஒளி விழுந்தால் கூடத்தான் செய்யும், குறையாது. வெள்ளையாக இருக்கும் இடத்தில் மேற்கொண்டு எவ்வளவு ஒளி விழுந்தாலும் அது வெள்ளையாகவே இருக்கும். கறுப்பாக இருக்கும் இடத்தில்தான் இரண்டாவது படம் வந்து உட்கார முடியும். அதனால் முதல் படத்தில் எங்கே இருட்டு, எங்கே வெள்ளை என்பதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. மென்பொருளில் செய்வது மீதிக் கால்வாசிதான்.

ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: காதில் பாம்படம் (காதிலிருந்து தொங்கும் கனத்த நகை) போட்ட ஓர் ஆச்சியின் பக்கவாட்டு முகம், அதற்குள் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுப் (செம்மணல் மேட்டுக் காடு) பனைகள்.

1. கையில் இருக்க வேண்டியவை

மேனுவல் மோட் உள்ள எந்த டிஜிட்டல் கேமராவும் போதும். லென்ஸ் 50 மி.மீ. அல்லது 85 மி.மீ. இருந்தால் நல்லது. கிட் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் 55 மி.மீ. முனையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய் நில்லுங்கள். 18 மி.மீ.யில் கிட்டப்போய் எடுத்தால் முகத்தின் அளவுகள் மாறிவிடும், பக்கவாட்டுக் கோடு அந்த ஆளுடையதாக இருக்காது.

படம் ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருக்கட்டும். வானத்தை வெள்ளையாக்கவும் நிழலை இறக்கவும் பின்னால் இடம் வேண்டும், ஜேபெக்கில் அந்த இடம் குறைவு. லென்ஸைத் துடைத்துவிட்டு, முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். பிரகாசமான வானத்தை நோக்கி எடுக்கும்போது ஒரு விரல் ரேகைகூட ஒளியைச் சிதறடித்து, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தைச் சாம்பலாக்கிவிடும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஃபோட்டோஷாப் இருந்தால் சரி, இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், அல்லது பிரௌசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ. மூன்றிலும் நமக்குத் தேவையான லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை), ஸ்கிரீன் மோட் (ஒளியின் மேல் ஒளியாகச் சேர்க்கும் முறை) இருக்கின்றன.

2. இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பின்னணி வெள்ளையாகவும் ஆள் இருட்டாகவும் இருக்க வேண்டும், அதாவது சிலுவெட் என்று சொல்லும் நிழலுரு. ஆளை மொட்டை மாடியில் வெட்டவெளியில் நிறுத்தி வானத்தைப் பின்னணியாக வைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மேகமூட்டமான நாளில் அது பலிக்காது. நாலா பக்கமும் வானம் இருப்பதால் முகத்திலும் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கும். வானம் வெள்ளையாகும் அளவுக்கு எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) ஏற்றினால் முகமும் சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

அதனால் ஆளை நிழலில் நிறுத்தி, வானம் பின்னால் இருக்கும்படி பாருங்கள். மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு சின்ன அறை இருக்குமே, அதுதான் எனக்குப் பிடித்த இடம். ஆச்சியை வாசல்நிலைக்குச் சற்று உள்ளே உட்காரவைத்துவிட்டு, கேமராவை இன்னும் உள்ளே, தாழ்வாக வைத்தேன். கீழிருந்து பார்க்கும்போது கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கேபிள் ஒயர் எல்லாம் மறைந்து, தலைக்குப் பின்னால் வானம் மட்டும் நிற்கும்.

மாடி இல்லாத வீட்டில் ஜன்னலில் வெள்ளை வேட்டியை மடிப்பு இல்லாமல் கட்டி, அறை விளக்குகளை அணைத்துவிட்டால் அதே பலன் கிடைக்கும். வெயில் நேராக விழாத ஜன்னலாக இருக்கட்டும், கம்பியின் நிழல் துணியில் விழக்கூடாது.

நீல வானம் இதற்கு ஏற்றதில்லை. கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் நீலம் வெள்ளை ஆகாது, அதை வெள்ளையாக்கப் போராடுவதற்குள் தலைமுடி விளிம்பு கெட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட காலை நேரம் கிடைத்தால் விடாதீர்கள்.

3. ஆளை நிறுத்துவது

முழுப் பக்கவாட்டுத் தோற்றத்தில் தொடங்குங்கள். நேர்முகமாக நின்றால் நிழலுருவில் ஒரு முட்டை வடிவம்தான் தெரியும். பக்கவாட்டில் நெற்றி, மூக்கு, உதடு, தாடை எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடும், இருட்டிலும் யார் என்று அடையாளம் தெரியும்.

தாடையைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் தாடையும் கழுத்தும் ஒட்டிக்கொள்ளும். உதடு லேசாகப் பிரிந்திருந்தால் அந்தக் கோடு இன்னும் தெளிவாகும். முடியை அவிழ்த்துப் போடுவதைவிடக் கொண்டை நல்லது.

பாம்படம் தொங்கும் காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. ஆச்சி தோளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த இடைவெளி மூடிப்போய், பாம்படம் தோளோடு சேர்ந்து ஒரு கட்டியாகத் தெரிந்தது. “ஆச்சி, தோள லேசா கீழ விடுங்க” என்றதும் அந்த வெளிச்சம் திறந்தது, நகை நகையாகத் தெரிந்தது. உடம்பின் பாகங்களுக்கு நடுவே இப்படி வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலுருவில் வடிவத்தைச் சொல்வது இந்த இடைவெளிகள்தான்.

தலைக்கு மேலும் பின்னாலும் தாராளமாக இடம் விடுங்கள். மரம் வளர அந்த இடம் பிறகு தேவைப்படும்.

4. முதல் படத்தின் எக்ஸ்போஷர்

புதிதாக வருகிறவர்கள் இந்தப் படியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். வானம் வெடித்துப்போகக்கூடாது, அதாவது விவரமே இல்லாமல் முழு வெள்ளையாகிவிடக்கூடாது என்று படித்துப் பழகியிருக்கிறோம், இங்கே வானம் வெடித்தே ஆக வேண்டும்.

மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப் 5.6 அல்லது 8. பின்னால் வெறும் வானம்தான், அதை மங்கலாக்க வேண்டிய அவசியம் இல்லை; மூக்கு நுனியிலிருந்து கொண்டைவரை எல்லாம் கூர்மையாக இருப்பதுதான் முக்கியம். மீட்டரிங்கை (கேமரா ஒளியை அளக்கும் முறையை) ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட்டுக்கு மாற்றி, வானத்தை மட்டும் அளந்து பாருங்கள்.

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அந்தச் சாம்பல் என்பது 18 சதவீத ஒளியைத் திருப்பும் பரப்பு. அங்கிருந்து முழு வெள்ளைக்கு ஏறக்குறைய இரண்டரை ஸ்டாப் தூரம் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரு மடங்காகும்). அதனால் மீட்டர் நடுவில் நிற்கும் இடத்திலிருந்து ஷட்டரை இரண்டரை ஸ்டாப் மெதுவாக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு 1/500இல் மீட்டர் நடுவில் நின்றது, 1/100க்கும் 1/80க்கும் இடையில் வேலை முடிந்தது.

கேமராவில் முழு வெள்ளையான இடங்களை மினுக்கிக் காட்டும் ஹைலைட் அலர்ட்டை ஆன் செய்துகொள்ளுங்கள். வானம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக மினுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் போகலாமே என்று 1/40வரை போனால் ஒளி விளிம்புகளைத் தின்றுவிடும். நெற்றியில் பறக்கும் நரைமுடியும் கண் இமையும் முதலில் காணாமல் போகும்.

முகம் தார் மாதிரிக் கறுப்பாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கண்ணும் மூக்குத்தியும் லேசாகத் தெரியும் அளவுக்கு இருட்டு போதும். திரையைப் பார்த்த ஆச்சி, “எய்யா, மூஞ்சியே தெரியலையே, கரியாட்டம்லா இருக்கு” என்று வருத்தப்பட்டார். எடுப்பதற்கு முன்பே இது எப்படி ஆகப்போகிறது என்று ஒரு மாதிரிப் படத்தைக் காட்டிவிடுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த ஷாட்டுக்கு அவர்கள் மனசோடு உட்கார மாட்டார்கள்.

5. இரண்டாவது படத்தை அதற்குப் பிறகு தேடுங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிழலுருவின் வடிவம் கையில் இருந்தால்தான் எந்த மரம் எங்கே பொருந்தும் என்று தெரியும். முதல் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு தேரிக்குப் போனேன், ஒவ்வொரு பனைக்கூட்டத்துக்கு முன்னாலும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது படத்தில் எது வெள்ளையோ, அது நிழலுருவை அழிக்கும். எது இருட்டோ, அது நிழலுருவைக் காப்பாற்றும். பனங்காட்டின் வானம் ஆச்சியின் மூக்கு மேல் விழுந்தால் மூக்கு கரைந்துபோகும். அதே வானம் உச்சந்தலையில் விழுந்தால் தலை மெல்ல வெண்மைக்குள் கரைந்து, ஓலைகள் மட்டும் நிற்கும். டபுள் எக்ஸ்போஷரில் நாம் ரசிக்கும் அழகு இந்தக் கரைதல்தான், அது எங்கே நடக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே கீழே இருட்டும் மேலே வெளிச்சமும் உள்ள படம் தேடுங்கள். அடிமரங்கள் நெருக்கமாக நிற்கும் பனைகள், மேலே வெளிறிய வானம். இருட்டுப் பகுதி கழுத்திலும் தாடையிலும் முகக்கோட்டிலும் விழ வேண்டும், பனையின் தலை கொண்டைப் பக்கம் போக வேண்டும்.

பனை இதற்கு நன்றாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு: விசிறி மாதிரி விரியும் அதன் ஓலைக்குத் தெளிவான விளிம்பு இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தாலும் பனை என்று தெரியும். பொடி இலை மரங்கள் நிழலுருவுக்குள் போனதும் வெறும் புள்ளிகளாகிவிடும். வேம்பு வேண்டும் என்றால் ஒரே ஒரு கிளையைக் கிட்டத்தில் எடுங்கள்.

எக்ஸ்போஷர் சாதாரணமாக இருக்கட்டும், அல்லது அரை ஸ்டாப் குறைவாக. ஆட்கள், கட்டடம், வண்டி எதுவும் வேண்டாம். கண் அங்கேயே போய் நின்றுவிடும்.

6. கேமராவுக்குள்ளேயே சேர்ப்பதானால்

பல நிகான், ஃபியூஜி பாடிகளிலும், 2012இல் வந்த 5டி மார்க் 3 தொடங்கிப் பல கேனான் பாடிகளிலும் மல்டிபிள் எக்ஸ்போஷர் மெனு இருக்கிறது. கேனான் 1500டி, 200டி மாதிரியான ஆரம்பநிலை பாடிகளில் இல்லை. அப்படியென்றால் நேராக 7ஆம் படிக்குப் போய்விடுங்கள், எதையும் இழக்கவில்லை.

சேர்க்கும் முறையாக அடிட்டிவ் அல்லது பிரைட் தேர்ந்தெடுங்கள். நிகானில் இதே வேலைக்கு ஆட், லைட்டன் என்று பெயர். ஆவரேஜ் வேண்டாம், பழைய நிகான்களில் ஆட்டோ கெயின் ஆனில் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். ஆவரேஜ் ஒவ்வொரு படத்தின் ஒளியையும் பாதியாக்கிச் சேர்க்கிறது. அரும்பாடுபட்டு வெள்ளையாக்கிய வானம் பாதியாகக் குறைந்து சாம்பலாகும், அந்தச் சாம்பலில் பனைகள் பேய் மாதிரித் தெரியும்.

இரண்டு படம் சேர்த்தால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். சாதாரண எக்ஸ்போஷர் உள்ள இரண்டு படங்களை அடிட்டிவில் கூட்டும்போது அது சரி, ஏனென்றால் ஒளி இரட்டிப்பாகும். நிழலுருவுக்கு அது பொருந்தாது. இருட்டான இடத்தில் கூட்டுவதற்கு ஏற்கெனவே ஒளி அதிகம் இல்லை. முதல் படத்தைக் குறைத்தால் வானம் வெள்ளை ஆகாது, அவ்வளவுதான் நடக்கும்.

கேனானில் பல மாடல்களில் கார்டில் ஏற்கெனவே இருக்கும், அதே கேமராவில் எடுத்த ரா படத்தை முதல் படமாகத் தேர்ந்தெடுக்கலாம். இந்த வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆச்சியை ஒருமுறை உட்காரவைத்து எடுத்துவிட்டு, வேறொரு நாள் காட்டுக்குப் போய், லைவ் வியூவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். நிகானில் இரண்டு ஷாட்டுக்கும் நடுவே கேமராவை நெடுநேரம் சும்மா விட்டால், எடுத்த மட்டில் படத்தை முடித்துவிடும். ஸ்டாண்ட்பை நேரத்தை முன்கூட்டியே கூட்டி வையுங்கள்.

7. கணினியில் சேர்ப்பது

முதலில் இரண்டு படங்களையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள், நிறத்தைத் திருப்பி எடுக்கும்படி ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (படத்தைத் தொடாமல் மேலே வைக்கும் திருத்தம்). பச்சையும் தோல் நிறமும் கண்ணை ஏமாற்றும், எங்கே வெளிச்சம் தப்பு என்று பார்க்க விடாது.

அடுத்தது முதல் படத்துக்கு லெவல்ஸ், அதாவது கறுப்பு, வெள்ளை அளவுகளை மாற்றும் கருவி. ஃபோட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே வெள்ளை ஸ்லைடரை இடப்பக்கம் நகர்த்துங்கள். முழு வெள்ளையான இடங்கள் மட்டும் ஒளிரும், மற்றவை கறுப்பாக இருக்கும். பின்னணி முழுவதும் ஒளிர்ந்ததும் நிறுத்துங்கள். மூலைகளை மறக்காதீர்கள், லென்ஸ் காரணமாக அங்கே எப்போதும் கொஞ்சம் இருட்டு தங்கியிருக்கும்.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஸ்கிரீன் மோட் இரண்டு படங்களையும் தலைகீழாக்கி, பெருக்கி, திரும்பவும் தலைகீழாக்குகிறது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்ற அளவில், பனை ஓலையில் ஒரு புள்ளியின் மதிப்பு 120 என்று வையுங்கள். ஆச்சியின் கூந்தல் 20 என்றால் விடை 131, ஓலை கிட்டத்தட்ட அப்படியே தெரியும். கன்னம் 100 ஆக இருந்தால் 173, வெளிறிவிட்டது. பின்னணி 250 என்றால் 252, ஒன்றுமே தெரியாது. அதே பின்னணியை 200இல் விட்டுவைத்திருந்தால் 226. ஓலையின் கறுப்பான பகுதியோ 200இலேயே நிற்கும். அந்த 26 வித்தியாசம்தான் பின்னணியில் அழுக்காகத் தெரிகிற பேய்ப் பனை.

சரி, இப்போது பனங்காட்டை மேல் லேயராக வைத்து ஸ்கிரீன் மோடுக்கு மாற்றுங்கள். நகர்த்தி, சுழற்றி, தேவைப்பட்டால் இடவலம் திருப்பிப் பாருங்கள். முதலில் வைத்த இடத்திலேயே விட்டுவிடாதீர்கள். பனைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி அடிமரங்கள் கழுத்தின் சாய்வோடு போகும்படி லேசாகச் சாய்த்ததும்தான் என் படம் உயிர் பெற்றது. பத்து நிமிடம் இதற்கே செலவாகட்டும்.

பின்னணியில் பேய் தெரிந்தால் அழிக்கப் போகாதீர்கள். முதல் படத்தின் லெவல்ஸுக்குத் திரும்பிப் போங்கள், நோய் அங்கேதான் இருக்கிறது.

8. மாஸ்க்: முகத்தைத் திருப்பிக் கொண்டுவருவது

பனங்காட்டு லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் போடுங்கள். மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும். பெரிய, மென்மையான பிரஷ் எடுத்து, ஒபாசிட்டியை (பிரஷ்ஷின் அடர்த்தியை) 20 சதவீதத்தில் வைத்து, கண், மூக்கு, உதடு இருக்கும் பகுதியில் கறுப்பைத் தடவுங்கள்.

ஒரே தடவையில் 100 சதவீதத்தில் அழிப்பதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. முகத்தில் ஓட்டை போட்ட மாதிரி ஒரு வட்டம் தெரியும். நாலைந்து தடவை லேசாகத் தடவும்போது மரம் மங்கி மங்கி முகமாக மாறும், எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

முகக்கோடு எங்கும் அறுபடக்கூடாது. நெற்றியிலிருந்து தாடைவரை விரலால் தொடர்ந்து பாருங்கள். எங்கேயாவது வெண்மையில் தொலைந்துபோனால் அங்கே மட்டும் இன்னும் ஒரு தடவல்.

9. தலைக்கு வெளியே நீளும் ஓலைகள்

கொண்டையைத் தாண்டி ஓலைகள் வெளியே விரிய வேண்டும் என்றால் ஸ்கிரீனால் முடியாது, வெளியே இருப்பது முழு வெள்ளை. பனங்காட்டு லேயரைப் பிரதி எடுத்து அதை மல்டிப்ளை மோடில் வையுங்கள். மல்டிப்ளையில் வெள்ளை மறைந்து இருட்டு மட்டும் நிற்கும். அதன் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, கொண்டையைச் சுற்றி மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தடவினால் ஓலை அங்கே முளைக்கும். இதற்குப் பனங்காட்டின் வானமும் வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓலையைச் சுற்றி ஒரு சாம்பல் திட்டு வரும்.

இரண்டு மூன்று ஓலை போதும். தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் முளைத்தால் வடிவம் போய்விடும்.

10. நிறம்

ஸ்கிரீன் எதையும் இருட்டாக்காது, அதனால் கறுப்பு சற்று மேலேறியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு லெவல்ஸ் வைத்துக் கறுப்பை இறக்குங்கள். அப்புறம் நிறத்தைத் திருப்பிக் கொண்டுவருவதா, கறுப்பு வெள்ளையிலேயே விடுவதா என்று பாருங்கள். கொண்டுவந்தால் ஒரு படத்தின் நிறம் மட்டும் போதும். தேரியின் செம்மண் நிறத்தை லேசாக வைத்துவிட்டு ஆச்சியைக் கறுப்பு வெள்ளையிலேயே விட்டேன்.

11. போனில் மட்டும் செய்பவர்களுக்கு

ஸ்னாப்சீடில் டபுள் எக்ஸ்போஷர் கருவி இருக்கிறது. நிழலுருவைத் திறந்து, இரண்டாவது படத்தைச் சேர்த்து, லைட்டன் முறையைத் தேர்ந்தெடுங்கள். அது ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் பிரகாசமானதை எடுத்துக்கொள்ளும், அதனால் வெள்ளைப் பின்னணி அப்படியே நிற்கும். செய்த எடிட்டை மறுபடி திறந்து பிரஷ்ஷால் முகத்தில் குறைக்கலாம். 2 முதல் 5வரை சொன்னது எல்லாம் போனுக்கும் அப்படியே பொருந்தும்; எக்ஸ்போஷரை ஏற்ற, திரையில் முகத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வானம் வெள்ளையாகும்வரை வெளிச்ச ஸ்லைடரை நகர்த்துங்கள்.

12. வெளியே அனுப்பும் முன்

படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் முகம், அடுத்த நொடி பனை, இந்த வரிசையில் தெரிய வேண்டும். பனை முதலில் தெரிந்தால் 8ஆம் படிக்குத் திரும்பி முகத்தில் இன்னும் இரண்டு தடவல். முகமே தெரியவில்லை என்றால் மாஸ்க்கால் சரியாகாது, 3ஆம் படிக்குப் போய் ஆளைத் திரும்பவும் உட்காரவைக்க வேண்டியதுதான். ஆச்சியை நான் இரண்டாம் முறை உட்காரவைத்தது அந்தப் பாம்படத்தின் இடைவெளிக்காகத்தான். அச்சுப் போட்டுக் கொடுத்தபோது அவர் விரல் முதலில் போய் நின்ற இடமும் அதுவே.